ஏத்தத்துல தேஞ்ச பிரேக்

நீங்க நம்பலன்னாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன், ஏன்னா இத வேற யாராவது வந்து எங்கிட்ட சொல்லியிருந்தா நானே சிரிச்சிருப்பேன். தோட்டத்துல பொறந்து வளந்தவன்தான், முனி, மோகினின்னு லயத்து வரிசை வீடுகள்ல பேசுறதக் கேட்டுக் கேட்டு காது புளிச்சவன்தான், ஆனா ஒண்ணையும் நம்புனதில்ல. ஒரு தடவ எங்க றப்பர் மலையில என்னமோ அழுவுதுன்னு யாரும் பால் வெட்டப் போக மாட்டேன்னுட்டாங்க, நான் போய்ப் பாத்தா ஒரு துண்டு தகரம் கெளையில மாட்டிக்கிட்டு காத்துக்கு உரசிக்கிட்டிருக்கு, அதக் கழட்டிக்கிட்டு வந்து எங்க கோழிக்கூட்டுக்குக் கூரை போட்டேன். நான் அப்பிடிப்பட்ட ஆளு. சத்தம் வந்தா அதுக்கு ஒரு காரணம் இருக்கும், சூடு ஏறுனா எங்கயோ உரசுது, எண்ணெய் கொறஞ்சா எங்கயோ ஒழுகுது, மெக்கானிக் வேல எனக்குச் சொல்லிக் குடுத்தது அதுதான்.

நான் கஹவத்தை டவுன்லருந்து கொஞ்சம் தள்ளி மெயின் ரோட்டு ஓரத்துல சின்னதா ஒரு கராஜ் வச்சிருந்தேன், சந்திரன் பாஸ்னா தெரியும், மெக்கானிக்க எங்க பக்கம் பாஸ்னுதான் கூப்புடுறது. சமாதானம் வந்துருச்சு, ரோட்டெல்லாம் தொறந்துருச்சுன்னு எல்லாரும் பேசிக்கிட்டிருந்த அந்த வருசங்க. வேன், லொறி, தோட்டத்து டிராக்டர்னு வரும். அப்பதான் ரிஸ்வி நானா அந்தக் கார எடுத்துக்கிட்டு வந்தாரு. ரிஸ்வி நானா ரத்னபுரியில மாணிக்கக் கல் யாவாரம் பண்றவரு, முப்பது வயசு இருக்கும், றக்வானையில கல்யாணம் முடிச்சு பொண்ணு வீட்டோட இருந்தாரு, முஸ்லிம் ஆளுங்க வழக்கம் எங்க பக்கம் அப்பிடித்தான், நானான்னா அவங்க பேச்சுல அண்ணன். காலையில றக்வானையில இருந்து எறங்கி ரத்னபுரி கடைக்குப் போவாரு, பின்னேரம் திரும்ப ஏறுவாரு, ரெண்டு வாட்டியும் எங்க கராஜத் தாண்டித்தான் போகணும். காரு ஜப்பான்ல இருந்து வந்த ரெண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரு, கறுநீலக் கலர், தரைக்கும் அதுக்கும் நடுவுல ஒரு சாண் கூட இருக்காது, எங்க ரோட்டுல இருந்த குழிக்கு அத ஓட்டுறதே ஒரு பாவம். ஆனா ஓடுறதப் பாத்தா ஆச வரும், பொய் சொல்லக் கூடாது.

மொதல்ல வந்தது முன் சக்கரத்துல கீச்சுன்னு சத்தம்னு. ஜாக் போட்டுத் தூக்கி, டயரக் கழட்டி, டிஸ்க்கப் புடிக்கிற கேலிப்பர மேல தூக்கிப் பேட்ட உருவிப் பாத்தேன். பிரேக் பேட் எல்லாம் தேஞ்சு பிஸ்கட் மொத்தத்துக்கு வந்திருந்துச்சு, இன்னும் கொஞ்ச நாள்ல இரும்பும் இரும்பும் உரசியிருக்கும். மல ரோட்டுல ஓடுற காரு, இதுல ஒரு அதிசயமும் இல்ல. கொழும்புல இருந்து பேட் எடுப்பிச்சோம், வந்தது வேற மாடலுக்கு உள்ளது, திருப்பி அனுப்பி ரெண்டாந்தடவ சரியானது வந்துச்சு. பிஸ்டன உள்ள தள்ளி, துருவெல்லாம் கம்பி பிரஷ்ஷால தேச்சு, புதுசப் போட்டு நானே கொண்டு போய் ஓட்டிப் பாத்து அழகா நிக்குதுன்னு சொல்லிக் குடுத்தனுப்புனேன்.

பன்னெண்டாவது நாளு திரும்ப வந்து நிக்கிறாரு. அதே சத்தம். கழட்டுறேன், பேட்டுல ஒண்ணும் இல்ல. வெறும் தகடு. டிஸ்க்கு சூட்டுல நீலம் பாரிச்சுப் போயிருக்கு. என் கைய நானே நம்பல. நல்லாப் போட்ட பேட்டு மலையில ஓடுனாலும் ஒரு வருசம், ஒண்ணர வருசம் தாங்கும், பன்னெண்டு நாள்ல எப்பிடி? ரிஸ்வி நானா என் மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னாரு, கத்தல, அவரு கத்துற ஆளு இல்ல.

"சந்திரன் பாஸ், ஒண்டு கேக்கிறன், நீங்க போட்டது புதுசுதானா?"

அவ்வளவுதான் கேட்டாரு. எனக்கு நெஞ்சுல எத்துன மாதிரி ஆயிருச்சு. கராஜ்ல அப்ப இன்னும் ரெண்டு பேரு வேல செய்யக் குடுத்துட்டு நின்னாங்க, அவங்க காதுலயும் விழுந்துச்சு. அன்னைக்குச் சாயந்தரம் எதுத்த டீக் கடேயில ஒருத்தன், தோட்டத்துப் பயல்கள்ட்ட நல்ல வாகனத்தக் குடுத்தா இப்பிடித்தான்னு சிங்களத்துல சொல்லிச் சிரிச்சானாம், எனக்குப் புரியாதுன்னு நெனச்சுச் சொன்னானோ, புரியட்டும்னு சொன்னானோ. லயத்துலருந்து வந்து ஒரு கராஜ் போர்டு மாட்டுறதுக்குள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்த வாரமே ரெண்டு வேன் எங்கிட்ட வராம டவுனுக்குப் போயிருச்சு.

சரின்னு ரெண்டாவது செட்ட ரிஸ்வி நானாவையே வாங்கிட்டு வரச் சொன்னேன். பெட்டிய அவரே பிரிச்சாரு. ஒவ்வொரு பேட்டோட முதுகுத் தகட்டுலயும் ஆணியால அவரு கையெழுத்தக் கீறச் சொன்னேன், கீறுனாரு. இந்தத் தடவ நான் ஒண்ணையும் விடல. கேலிப்பர் ரப்பர் எல்லாத்தையும் மாத்துனேன், ஹோஸ மாத்துனேன், பிரேக் ஒயில் மாத்திக் காத்து எடுத்தேன், பெடல்ல வெளையாட்டு இருக்கான்னு பாத்தேன், ஏன்னா பெடல் முழுசா மேல வரலன்னா பேட்டு சும்மா உரசிக்கிட்டே கெடக்கும். எல்லாம் அம்சமா இருந்துச்சு. சக்கரத்தக் கையால சுத்துனா காத்தாடி மாதிரி சுத்துது.

ஒம்பது நாளு. ஒம்பதே நாள்ல மறுபடியும் இரும்பு சத்தம். தகட்டுல ரிஸ்வி நானாவோட கையெழுத்து அப்பிடியே இருக்கு, மறுபக்கம் இருந்த பேட்டத்தான் காணோம்.

இதுல ஒரு விசயம் சொல்றேன், கவனமாக் கேளுங்க. ஒரு பேட்டு மட்டும் தேஞ்சிருந்தா பிஸ்டன் ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம். ஒரு சக்கரம் மட்டும்னா ஹோஸ் அடைப்பு. இது வலது, எடது, உள்ள, வெளிய நாலும் ஒரே அளவுக்குத் தேஞ்சிருக்கு. அப்பிடித் தேயணும்னா ஒரே ஒரு காரணந்தான், ஆளு பெடல மிதிச்சுக்கிட்டே ஓட்டியிருக்கணும். நான் அத அவருகிட்ட மொகத்துக்கு நேரா சொன்னேன். நானா, நீங்க எறக்கத்துல பிரேக்லயே கால வச்சுக்கிட்டு வர்றீங்க, கியர்ல எறங்கத் தெரியலன்னேன். அவருக்கு மொகம் செவந்துருச்சு. பதினெட்டு வயசுலருந்து இந்த ரோட்டுல ஓட்டுறன், எனக்குக் கியர் சொல்லித் தாறீங்களான்னு கேட்டாரு. ரெண்டு பேரும் நல்லாவே மொறச்சுக்கிட்டோம். கடைசியில அவரு கொரல் எறங்கி, வீட்டுல மாசமா இருக்கிறா பாஸ், இன்னும் ஒரு மாசந்தான், ராவோ பகலோ இந்தக் கார்லதான் ரத்னபுரிக்குக் கொண்டு போகணும், எனக்கு பிரேக் வேணும்னாரு. அதுக்கப்புறம் நான் என்ன சண்ட போடுறது?

அந்த நேரத்துலதான் ஒரு லொறிக்காரரு, றக்வானப் பக்கத் தோட்டத்துக்கு உரம் ஏத்துறவரு, ஸ்ப்ரிங் பட்ட மாத்த வந்தவரு அந்தக் காரப் பாத்துட்டுச் சொன்னாரு, இந்தக் கார்க்கார மாத்தயா ஏத்தத்துல பிரேக் லைட்டு எரிய எரியப் போறாரு, பின்னால வர்ற எனக்குக் கண்ணு கூசுதுன்னு. எறக்கத்துல இல்லயா, ஏத்தத்துலயான்னு ரெண்டு தரம் கேட்டேன். ஏத்தத்துலதான், கொடகவெல தாண்டி மல ஏறுற எடத்துலன்னாரு. பிரேக் லைட் சுவிட்ச்சுதான் கெட்டுப் போயிருக்குன்னு நெனச்சு அதையும் கழட்டிப் பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. இந்தக் கார ஒரு கல்லத் தூக்கி ஒடச்சுப் போட்டுறலாமான்னு இருந்துச்சு எனக்கு. மூணு வாரமாச் சோறு எறங்கல, கனவுலயும் நட்டு கழட்டுறேன்.

மூணாவது செட்டப் போட்டுட்டு, நானா, நானும் ஒங்களோட வாறேன்னேன். ஒரு வியாழக்கெழம, பின்னேரம் மூணு மணி, நல்ல வெயிலு. நீங்க இருட்டு, மழன்னு ஒண்ணும் நெனச்சுக்காதீங்க, பள்ளிக்கூடப் புள்ளைங்க கொடயப் புடிச்சுக்கிட்டு ரோட்டோரமா நடந்து போகுதுங்க, அப்பிடி ஒரு நேரம். அவரு ஓட்டுறாரு, நான் எடது பக்கம் ஒக்காந்திருக்கேன். கொடகவெல வரைக்கும் ஒண்ணுமில்ல, நல்லா ஓட்டுனாரு, நான் சொன்ன குத்தம் தப்புன்னு எனக்கே வெக்கமா இருந்துச்சு. அங்க தாண்டி ஒரு சின்னப் பாலம் வரும், பாலத்துலருந்து ரோடு றப்பர் மரத்துக்கு நடுவுல நேரா ஏறும், மேல ஒரு கடே வரைக்கும் ரெண்டு கிலோமீட்டர் இருக்கும். பாலத்துல செகண்ட் கியர் போட்டாரு, பேசிக்கிட்டே போறாரு, பொறக்கப் போற புள்ளைக்குத் தொட்டில் வாங்குனத பத்தி. காரு கொஞ்சம் முக்குற மாதிரி இருந்துச்சு. இந்த எடத்துல எப்பவும் இழுவை கொறவு பாஸ், பிளக்க ஒருக்காப் பாருங்கன்னாரு. நான் சத்தம் எங்கருந்து வருதுன்னு குனிஞ்சேன்.

அவரோட வலது காலு எக்ஸலேட்டர்ல இருக்கு. எடது காலு, கிளச்சுல இருக்க வேண்டியது, இல்லாட்டி கீழ சும்மா கெடக்க வேண்டியது, பிரேக் பெடல் மேல இருக்கு. சும்மா வச்சிருக்கல. அமுக்கிக்கிட்டிருக்கு, கெண்டக்கால் தசை புடைச்சு நிக்குது.

எனக்கு வந்த கோவத்த நீங்க நெனச்சுப் பாருங்க. மூணு செட்டு, ஒரு மாசம், என் பேரு நாறிப் போச்சு, இந்த மனுசன் எடது காலால பிரேக்க மிதிச்சுக்கிட்டுத் தொட்டில் கத பேசிக்கிட்டு வர்றாரு.

"நானா, கால எடுங்க."

"எந்தக் கால?"

"எடது கால. பிரேக்குல இருக்கு."

அவரு ரோட்டப் பாத்துக்கிட்டே சிரிச்சாரு. வெளையாடாதீங்க பாஸ், என் கால் கீழதான் இருக்கு, கீழ விரிச்ச மெட்டுல படுறது எனக்குத் தெரியுதேன்னாரு. குனிஞ்சு பாருங்கன்னேன். ரோட்ட விட்டுக் குனிய முடியாதுல்ல, ஹேண்ட்பிரேக்க இழுத்து ஓரமா நிப்பாட்டுனாரு. நின்ன ஒடனே ரெண்டு பேரும் கீழ பாத்தோம், காலு ஒழுங்காக் கீழ மெட்டு மேலதான் இருக்கு. எப்ப எறங்குச்சுன்னு நான் பாக்கல. சக்கரத்துலருந்து பேட்டு கருகுற நாத்தம் கண்ணாடி வழியா உள்ள வருது. அவரு என்னைய ஒரு மாதிரி பாத்தாரு, பொய் சொல்லித் தப்பிக்கப் பாக்குறான்னு நெனச்சிருப்பாரு. இன்னும் கொஞ்சம் ஓட்டுங்கன்னேன். ஓட்டுனாரு. இந்தத் தடவ நான் கண்ணயே எடுக்கல. ஒரு அம்பது யார் தூரம் போயிருக்கும், காலு மெதுவா எழும்பி, ஒரு பூன மாதிரி, பிரேக்குல போய் ஒக்காந்துச்சு. அவரு மொகத்துல ஒரு அசைவு இல்ல. நான் கையால அவரு மொழங்காலத் தட்டுனேன், கல்லு மாதிரி இருந்துச்சு, ஏன் என் காலத் தட்டுறீங்கன்னு கேக்குறாரு.

எறங்குங்க, நான் ஓட்டுறேன்னேன். இது ஏதோ நரம்பு வியாதி, ரத்னபுரியில நல்ல டாக்டரப் பாக்கச் சொல்லணும்னுதான் மனசுல ஓடுச்சு, சத்தியமா வேற ஒண்ணும் நெனக்கல. திரும்பவும் பாலம் வரைக்கும் எறங்கிப் போய் அங்கருந்து ஏறுனேன். செருப்பக் கழட்டி வச்சுட்டேன், எனக்கு வெறுங்கால்ல ஓட்டுனாத்தான் பெடல் பேசும். ரிஸ்வி நானா பக்கத்துல கையக் கட்டிக்கிட்டு, இப்ப பாப்பம்னு என் காலையே பாத்துக்கிட்டு வந்தாரு. செகண்ட் கியர், கிளச்ச விட்டுட்டு எடது கால நல்லாத் தள்ளிக் கீழ வச்சேன். மெட்டோட சொரசொரப்பு என் பாதத்துல தெரியுது, மணல் ஒட்டுனது கூடத் தெரியுது. ஏறுறேன். காரு முக்குச்சு.

ரிஸ்வி நானா கட்டியிருந்த கைய மெதுவா எறக்குனாரு.

"பாஸ்," ன்னாரு. "நீங்களும் மிதிக்கிறீங்க."

இல்ல நானா, என் காலு கீழ இருக்குன்னு நான் சொல்றேன். அவரு சொன்ன அதே வார்த்த என் வாயில இருந்து வருது, அது எனக்கே கேக்குது. சரி, பாத்துக்கிட்டே இருங்க, இப்ப நான் மொழங்கால நல்லா மேல தூக்குறேன்னு சொல்லித் தூக்குனேன். தூக்குனது எனக்குத் தெரியுது, தொட ஸ்டியரிங்குல இடிக்கிற வரைக்கும் தூக்குறேன். அவரு தலைய ஆட்டுறாரு, தூக்கல பாஸ், தூக்கல, இன்னும் கூட அமுக்குறீங்கன்னு. நான் குனிஞ்சு பாக்கல. இத ஒத்துக்க எனக்கு இன்னைக்கும் வெக்கந்தான், ஆனா பாக்கல. என் காலு எங்கயோ இருக்கு, அது எனக்குத் தெரியாம ஒரு வேல செய்யுதுன்னா அத என் கண்ணால பாக்குறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல. எக்ஸலேட்டர விட்டுட்டு ஹேண்ட்பிரேக்க இழுத்தேன். காரு நின்னுச்சு.

கதவத் தொறந்து எறங்கி நிக்கிறோம், முன் சக்கரம் ரெண்டும் பொகையுது. தண்ணி ஊத்துனா டிஸ்க்கு வெடிச்சிரும்னு ஆற விட்டுட்டு, மேல இருந்த கடேக்கு நடந்து போனோம். கடேக்காரம்மா ஒரு சிங்களப் பொம்பள, அம்பது அம்பத்தஞ்சு வயசிருக்கும், ப்ளேன்டீ ஊத்திக் குடுத்துச்சு. இந்த ஏத்தத்துல ஏதாவது நடந்திருக்கா, யாராவது அடிபட்டு செத்திருக்காங்களான்னு நான் சிங்களத்துல கேட்டேன். நீங்களும் இப்ப அதத்தான கேக்கப் போறீங்க? ஒண்ணுமில்லயாம். கல்யாணம் முடிச்சு வந்த நாள்லருந்து அந்தம்மா அங்கதான் இருக்குதாம், பள்ளத்துல ஒரு சைக்கிள் கூட விழுந்ததில்லயாம். மத்த எடத்துல எல்லாம் விழுந்திருக்கு, இங்க மட்டும் விழுந்ததில்ல, நல்ல எடம்னு சொல்லுச்சு. ரிஸ்வி நானா என்னமோ ஓதிக்கிட்டு டீயக் குடிக்காமலே வச்சுட்டாரு.

காரு ஆறுனதும் திருப்பி எறக்கி என் கராஜ்லயே விட்டோம், அந்த ஏத்தத்துல அதுக்கப்புறம் அவரு அந்தக் காரக் கொண்டு போகவே இல்ல. மறு வாரமே மனைவியக் கூட்டிக்கிட்டு ரத்னபுரியில அவரப் பெத்த உம்மா வீட்டுக்கு வந்துட்டாரு, ஆம்பளப் புள்ள பொறந்துச்சு, சொகமாத்தான் இருக்காங்க. கார நீர்கொழும்புப் பக்கம் ஒருத்தருக்கு வித்துட்டாரு. வித்து ரெண்டு வருசம் கழிச்சு அந்தாளு ஏதோ கேக்க போன் பண்ணாராம், பிரேக் எப்பிடின்னு இவரு விசாரிச்சா, நீங்க போட்டுக் குடுத்த பேட்டுதான் இன்னும் ஓடுதுன்னாராம். நானும் என் வேன எடுத்துக்கிட்டு அந்த ஏத்தத்துல நாலஞ்சு தடவ ஏறிப் பாத்தேன், என் சம்சாரம் ராணிய பக்கத்துல ஒக்கார வச்சு என் காலையே பாக்கச் சொன்னேன், காரணம் சொல்லல. ஒண்ணும் நடக்கல. வேற காருக்கு நடக்கல, அந்தக் காருக்கு வேற எடத்துல நடக்கல. ரிஸ்வி நானா டவுன்ல நாலு பேருக்கு முன்னாடி என் கையப் புடிச்சு, சந்திரன் பாஸ்ட வேலையில குத்தமில்லன்னு சொன்னாரு. போன வேன் ரெண்டும் திரும்ப வந்துச்சு. ஆனா என்ன குத்தம்னு யாரும் கேட்டா ரெண்டு பேருக்கும் சொல்லத் தெரியல, பேட்டு மட்டம், கம்பெனி மாத்திட்டோம்னு சொல்லிச் சமாளிச்சோம். பொய்தான். எனக்கு அந்தக் கடுப்பு இன்னும் போகல. ஒரு பழுதக் கண்டுபுடிக்க முடியாம விட்டது என் வாழ்க்கையில அது ஒண்ணுதான்.

இன்னொன்னு இருக்கு. இத ரிஸ்வி நானாகிட்ட கூட நான் சொல்லல.

அன்னைக்குச் சாயந்தரம் வீட்டுக்கு வந்து கால் கழுவுறப்பதான் பாத்தேன். எடது பாதத்துல, வெரலுக்குக் கீழ, பெடல் அச்சுப் பதிஞ்சு செவந்து கெடக்கு. ரொம்ப நேரம் பலமா அமுக்குனா பதியுமே, அப்பிடி. சரி, மிதிச்சிருக்கேன், பதிஞ்சிருக்குன்னு மனசத் தேத்திக்கிட்டேன். அப்புறந்தான் ஒரைச்சுச்சு. அந்தக் காரோட பெடலு வழுவழுன்னு அலுமினியத் தகடு, சின்னச் சின்ன வட்ட ஓட்ட போட்டது, நான் எத்தனையோ தடவ தொடச்சிருக்கேன். என் கால்ல இருந்தது சாய்வாக் கோடு கோடா ஓடுற ரப்பர் அச்சு, அகலமா, பழைய லொறிக்கோ பஸ்ஸுக்கோ இருக்குற மாதிரி, வலது பக்கத்து மூலை பிஞ்சு போன ரப்பரு. பிஞ்ச எடம் வரைக்கும் தெளிவாத் தெரியுது. சவுக்காரம் போட்டுத் தேச்சேன், போகல. மறுநாள் விடிஞ்சப்பதான் மறைஞ்சுச்சு.

நான் தேச்சுக்கிட்டிருந்தப்ப ராணி வெளக்குமாறோட வந்து நின்னு பாத்துச்சு. பாத்துட்டு, "என்னங்க இது, எதப் போய் மிதிச்சீங்க?"ன்னு கேட்டுச்சு.

நான் இன்னும் கொஞ்சம் சவுக்காரத்த எடுத்து அந்த அச்சு மேல போட்டுத் தேச்சேன்.